வீட்டருகே குடியிருப்போர்: ஆர்ச்வே குறிப்புகள்

பரொய்கொஸ். கிரேக்கத்தில் 'பரா' என்றால் பக்கத்தில், 'ஒய்கொஸ்' என்றால் வீடு. ஆதியில் அண்டை வீட்டுக்காரர் என்பதுதான் பொருள். பிறகு, ஊருக்குள் குடியிருந்தும் ஊராருள் ஒருவராகக் கணக்கில் வராதவருக்கு அது பெயராயிற்று. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வருவது நான்கே இடங்களில்: அப்போஸ்தலர் 7ஆம் அதிகாரத்தில் இருமுறை (6, 29), எபேசியர் 2:19, 1 பேதுரு 2:11. இதன் வினைவடிவம் லூக்கா 24:18இலும் எபிரெயர் 11:9இலும் வருகிறது. அப்படிக் குடியிருக்கும் நிலைக்குப் பெயர் 'பரொய்கியா'. அது அப்போஸ்தலர் 13:17, 1 பேதுரு 1:17 ஆகிய இரண்டில். ஆக எட்டு இடங்கள். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். அப்படி வாசித்தால் ஆபிரகாம், எகிப்தில் இருந்த இஸ்ரவேலர், மீதியானுக்குத் தப்பி ஓடிய மோசே, எம்மாவு சாலையில் நடந்த இயேசு, சின்ன ஆசியாவில் சிதறிக் கிடந்த எளிய விசுவாசிகள் என்று எல்லோரும் ஒரே சொல்லின் கீழ் வந்து நிற்பார்கள்.

*

இந்தச் சொல்லின் பேரப்பிள்ளை லண்டனின் ஆர்ச்வேயில் தினமும் கண்ணில் படுகிறது. ரயில் நிலையத்திலிருந்து ஹைகேட் ஹில் மேட்டில் ஏறினால் பச்சைக் குவிமாடத்தோடு புனித சூசையப்பர் கோயில். பாடுகளின் சபைத் துறவிகளுடையது. 1880களின் இறுதியில் எழுந்த கட்டடம். லண்டனில் எந்தக் கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் 'பேரிஷ்' என்ற சொல் இருக்கும். கிரேக்கப் 'பரொய்கியா' லத்தீனில் 'பரோக்கியா' ஆகி, பிரெஞ்சில் 'பருவாஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'பேரிஷ்' ஆனது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன கிளெமெந்துவின் கடிதம், ரோமில் அந்நியராய்க் குடியிருக்கும் சபை கொரிந்தில் அந்நியராய்க் குடியிருக்கும் சபைக்கு எழுதுவதாகத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் பரொய்கொஸ். ஊரில் தமக்கு உரிமை இல்லை என்று அறிந்தவர்கள் தமக்கே இட்டுக்கொண்ட பெயர், சில நூற்றாண்டுகளில் ஆட்சிப்பகுதி ஒன்றின் பெயராகிவிட்டது.

தமிழில் கத்தோலிக்கர் இதைப் 'பங்கு' என்கிறார்கள். பங்குச்சாமி, பங்குப்பேரவை. எங்கள் நெல்லை சி.எஸ்.ஐ.யில் 'சேகரம்'. இரண்டும் நல்ல சொற்கள்தான். இரண்டிலும் அந்நியர் இல்லை.

*

ஆங்கிலேயப் 'பேரிஷ்' ஒரு காலத்தில் அந்நியரை விரட்டும் கருவியாக இருந்தது. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம் இப்படிச் சொன்னது: ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகை வீட்டில் வந்து தங்கும் புதியவர் பிற்காலத்தில் பங்கின் செலவில் வாழ நேரும் என்று தோன்றினால், வந்த நாற்பது நாளுக்குள் கோயில் பொறுப்பாளர்களும் ஏழைகள் நிதியைக் கவனிப்பவர்களும் நீதிபதிகளிடம் புகார் செய்து, அவரைப் பழைய பங்குக்கே திருப்பி அனுப்பிவிடலாம். வேலை தேடி வந்தவர், விதவை, கர்ப்பிணி என்று பலரை அந்தச் சட்டம் ஊர் ஊராக அலைக்கழித்தது. அந்நியருக்குரிய பெயரைத் தாங்கிய அமைப்பு அந்நியரை வெளியேற்றியது. இதைவிடக் கசப்பான ஒன்றை ஒரு சொல்லின் வரலாற்றில் நான் கண்டதில்லை.

ஆர்ச்வே சந்திப்பைச் சுற்றி அந்தக் காலத்தின் செங்கற்கள் இன்றும் நிற்கின்றன. செயின்ட் பான்க்ராஸ் பங்கு, பல பங்குகள் சேர்ந்த ஹோபர்ன் ஒன்றியம், இஸ்லிங்டன் பங்கு ஆகிய மூன்றும் தத்தம் ஏழை நோயாளிகளுக்கு இந்த மேட்டில் தனித்தனி மருத்துவமனை கட்டின. ஹோபர்னுடையது 1879, இஸ்லிங்டனுடையது 1900. நோயாளி எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பது அன்று முக்கியமான கேள்வி. 1948இல் தேசிய சுகாதார சேவை வந்தபோது மூன்றும் ஒன்றாகி விட்டிங்டன் மருத்துவமனை ஆயிற்று. இன்று அதன் வார்டுகளில் யாழ்ப்பாணத்துத் தமிழும் கேரளத்து மலையாளமும் பிலிப்பைன்ஸ் மொழிகளும் கேட்கின்றன. நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் பரொய்கொஸ் என்று சொல்லத் தோன்றுகிறது.

*

சட்டத்தில் பரொய்கொஸ் யார்? இதைத் தெரிந்துகொள்ளாமல் பேதுருவின் கடிதத்தை வாசிப்பதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

ஏதென்ஸில் இதற்கு இணையான நிலை 'மெதொய்கொஸ்'. ஆண் ஆண்டுக்குப் பன்னிரண்டு திராக்மா வரி கட்ட வேண்டும், தனித்து வாழும் பெண் ஆறு. அவருக்காகப் பொறுப்பேற்க ஊர்க் குடிமகன் ஒருவர் வேண்டும். நிலம் வாங்க முடியாது. வாக்கில்லை. போர் வந்தால் படையில் நிற்க வேண்டும். சின்ன ஆசியாவின் கிரேக்க நகரங்களில் பரொய்கொஸ் ஏறத்தாழ இதே படியில் இருந்தார்: அடிமைக்கு மேலே, குடிமகனுக்குக் கீழே. கி.மு. 133இல் மூன்றாம் அத்தாலுஸ் மன்னன் தன் அரசை ரோமுக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தபோது, பெர்கமு நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. பதிவேட்டில் இருந்த பரொய்கொஸ்களுக்குக் குடியுரிமை. அரசனின் அடிமைகளில் பலருக்குப் பரொய்கொஸ் நிலை. கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆக, இது பதிவேட்டில் ஏறும் சொல். ஒருவரை ஒரே நாளில் இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்கு ஏற்றவும் இறக்கவும் வல்ல சொல்.

லண்டன் தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஸ்பான்சர், விசா, ஐ.எல்.ஆர். என்னும் காலவரையற்ற தங்கும் அனுமதி, சிட்டிசன்ஷிப் என்று அதே படிகள். வேலை விசாவில் இருப்பவர் சம்பளத்தில் வரி கட்டுகிறார். அதற்கு மேல் பெரும்பாலோருக்கு மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுன். பன்னிரண்டு திராக்மாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தத் தொகைதான் ஞாபகத்துக்கு வந்தது.

*

ஆதியாகமம் 23. சாராள் எப்ரோனில் இறந்துபோகிறாள். அடக்கம் செய்ய ஆபிரகாமிடம் ஒரு முழ நிலம்கூட இல்லை. ஏத்தின் புத்திரர் முன்னால் எழுந்து நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த அறிமுகம் இரண்டு சொற்கள்: பரொய்கொஸ், பரெபிதேமொஸ். பின்னது கொஞ்சகாலம் வந்து தங்கிப் போகிறவர். பிறகு நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்குகிறார். தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்டவர் கையில் முதலில் வந்த நிலம் மனைவியின் கல்லறை.

அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள். தாய்மொழியை இழந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்காகச் செய்தார்கள். 'பரொய்கொஸ்' என்று எழுதியபோது தம் தெருவை நினைக்காமல் எழுதியிருப்பார்களா? பேதுருவின் கடிதம் இந்த இரட்டைச் சொல்லைத்தான் 2:11இல் அப்படியே எடுத்து ஆள்கிறது.

ஆர்ச்வேயிலிருந்து வாட்டர்லோ பூங்கா வழியாக நடந்தால் ஹைகேட் கல்லறைத் தோட்டம். கார்ல் மார்க்ஸ் 1874இல் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். எந்த நாட்டுக் குடிமகனாகவும் இல்லாமல் 1883இல் இங்கே அடக்கமானார். அவருக்கு இடப்பக்கம் கிளாடியா ஜோன்ஸ். திரினிதாதில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து 1955இல் நாடுகடத்தப்பட்டு, லண்டனில் இறந்தவர். அருகிலேயே யூசுப் தாதூ, தென்னாப்பிரிக்க இந்தியர், நாடு திரும்ப முடியாமல் 1983இல் இறந்தவர். மூவருக்கும் இந்த மேட்டில் நிரந்தரமாகக் கிடைத்த நிலம் அவ்வளவுதான். மக்பேலா பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் இந்த வரிசை எனக்குத் தோன்றும்.

*

தமிழ் வேதாகமத்துக்கு வருவோம்.

நாம் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் எபேசியர் 2:19இல் 'க்ஸெனொஸ்' அந்நியர், 'பரொய்கொஸ்' பரதேசி. 1 பேதுரு 2:11இல் 'பரொய்கொஸ்' அந்நியர், 'பரெபிதேமொஸ்' பரதேசி. மூன்று கிரேக்கச் சொற்களை இரண்டு தமிழ்ச் சொற்கள் சுமக்கின்றன. நடுவில் இருக்கும் பரொய்கொஸ் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் சாய்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் எபேசியரில் 'வேற்று நாட்டினர்' என்கிறது, பேதுருவில் பின்னதைத் 'தற்காலக் குடிகள்' என்கிறது. துல்லியம் கூடியிருக்கிறது. ஆனால் 'பரதேசி'யில் இருந்த உறைப்பு போய்விட்டது.

பரதேசி என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இடைக்காலக் கல்வெட்டுகளில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களோடு சுதேசி, பரதேசி, நானாதேசி என்று மரியாதையாக வரும் சொல் அது. கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட யூதக் கோயிலுக்குப் பரதேசி என்றே பெயர். பிற்காலச் சத்திரங்களில் ஆண்டி பரதேசிகளுக்கு அன்னம் போட மானியம் விட்டார்கள். அங்கே அவர் வழிப்போக்கர், பிறகு துறவி, பிறகு பிச்சைக்காரர். கடைசியில் வாயில் வரும் வசை. பாலா 2013இல் தேயிலைத் தோட்டக் கூலிகளைப் பற்றி எடுத்த படத்துக்கு இந்தப் பெயரை வைத்தபோது எல்லா அடுக்குகளும் அதில் ஒலித்தன. சொல் இறங்கிய படிகள், ஊர் இல்லாதவனை நம் சமூகம் பார்த்த விதத்தின் படிகள். பட்டினப்பாலையில் புகார் நகரத்துப் 'புலம்பெயர் மாக்கள்' கலந்து இனிதாக வாழ்ந்தார்கள். இன்று 'வந்தேறி' என்றால் அடிதடி நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'வந்தான் வரத்தான்' என்பார்கள். அதிலும் அன்பு இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சபைகளில் பரதேசி வசனங்களைப் பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் கேட்டிருக்கிறேன். பூமி சத்திரம், பரலோகம் வீடு, நாம் பயணிகள். ஆறுதலான போதனைதான். எபிரெயர் 11 அதற்கு இடமும் தருகிறது. ஆனால் சொந்த வீடும் பட்டாவும் ரேஷன் கார்டும் உள்ளவர்கள் தங்களைப் பரதேசி என்று பாடுவதும், கப்பத்தோக்கியாவில் சொந்தத் தெருவிலேயே ஒதுக்கப்பட்டவர்கள் பேதுருவின் கடிதத்தைக் கேட்பதும் ஒன்றல்ல.

*

ஜான் எலியட் என்ற அமெரிக்க அறிஞர் 1981இல் 1 பேதுருவைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். பேதுரு பரொய்கொஸ் என்று அழைத்தவர்கள் பரலோகப் பயணிகள் அல்லர், சட்டப்படியே குடியுரிமையற்று வாழ்ந்தவர்கள் என்பது அவர் வாதம். பெரிய விவாதம் எழுந்தது. நான் முழுதாக அவர் பக்கம் இல்லை. 4:3-4ஐப் பாருங்கள்: அண்டை அயலார் ஆச்சரியப்படுகிறார்கள், முன்பு எங்களோடு கூடிக் குடித்தவர்கள் இப்போது வருவதில்லையே என்று தூற்றுகிறார்கள். அப்படியானால் இவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களே, விசுவாசத்தால் அந்நியரானவர்கள். ஆனால் எலியட் காட்டிய ஒன்றை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கடிதத்தில் பரொய்கொஸ்களுக்குச் சொல்லப்படும் மறுமொழி 'ஒய்கொஸ்', வீடு. 2:5இல் அவர்கள் ஜீவனுள்ள கற்களாய் ஒரு வீடாகக் கட்டப்படுகிறார்கள். வீட்டருகே நின்றவர்களே வீடாகிறார்கள்.

எபேசியரில் இது இன்னும் அழகு. 2:19 முதல் 22 வரை நான்கே வசனங்களில் 'ஒய்க்' என்ற வேரிலிருந்து ஆறு சொற்கள்: பரொய்கொஸ், வீட்டார், மேலே கட்டப்படுதல், கட்டடம், கூடச் சேர்த்துக் கட்டப்படுதல், வாசஸ்தலம். கிரேக்கத்தில் உரக்க வாசித்தால் வெளியே நின்ற ஒருவர் வாசல் தாண்டி, உள்ளே வந்து, கடைசியில் கடவுள் குடியிருக்கும் இடமாகவே மாறுவது காதிலேயே கேட்கும். தமிழில் 'பரதேசி'க்கும் 'வீட்டார்'க்கும் ஓசை உறவு இல்லாததால் இந்த நடை தெரிவதில்லை. பிரசங்கிகள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். வேர்ச்சொல் ஆராய்ச்சி பிரசங்கத்தில் பெரும்பாலும் அலங்காரம்தான். இங்கே மட்டும் அது செய்தியே.

*

லூக்கா 24:18. கிலெயோப்பா உயிர்த்த இயேசுவிடம் கேட்கும் கேள்வியில் இந்த வினைச்சொல் வருகிறது: எருசலேமில் பரொய்கொஸாக இருந்தும் நடந்தது தெரியாதவர் நீர் ஒருவர்தானா? பஸ்கா நாட்களில் நகரம் வெளியூர்க்காரரால் நிரம்பி வழிந்தது. அவர்களுள் ஒருவர் என்று நினைத்துவிட்டார். பொழுது சாய்ந்ததும் அந்த அந்நியரை வற்புறுத்தி உள்ளே அழைக்கிறார்கள். பந்தியில் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுப்பவர் அவர். விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். எட்டு இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

*

ஆர்ச்வே சாலை 200ஏ, முருகன் கோயில். 1986 முதல். ஈழத்துச் சைவர்கள் ஊன்றி நின்று எழுப்பியது. 2002இல் ராணி எலிசபெத் பொன்விழாவின்போது வந்து போனார். எதிரே 43ஆம் எண் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது விபூதி பூசிய ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"திருநெல்வேலிம்மா."

"எங்கட யாழ்ப்பாணத்திலயும் ஒரு திருநெல்வேலி இருக்குத் தெரியுமோ? நாங்கள் தின்னவேலி எண்டு சொல்லுவம். நான் அங்க பிறந்தனான்." சற்று நேரம் கழித்து, "இங்க சிட்டிசன் எடுத்து எவ்வளவோ காலம். எண்டாலும் வீட்ட போறது எண்டு சொன்னால் தின்னவேலிதான்" என்றார்.

சட்டம் ஒருவரைப் படியேற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பரொய்கியா அதனால் தீர்ந்துவிடுவதில்லை. முதல் பேதுரு 1:17இல் வரும் சொல்லுக்கு அந்த அம்மாவின் வாக்கியத்தைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை. அவர் சைவர், வேதாகமம் வாசித்தவரல்லர்.

ஈழத்திலிருந்து வந்தவர்கள் எளிதாக வரவில்லை. 1987 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஹீத்ரோ விமான நிலையத்தில் சட்டைகளைக் கழற்றிப் போராடினார்கள். அதே ஆண்டு, உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம் என்று சட்டம் வந்தது. அகதியின் அச்சத்தை எப்படி அளப்பது என்பதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் இன்றும் சுட்டப்படும் தீர்ப்பு சிவகுமாரன் என்ற தமிழ்ப் பெயரில்தான் இருக்கிறது.

*

லண்டன் தமிழ்ச் சபைகள் பலவும் ஆங்கிலச் சபையின் கட்டடத்தை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதிப்பவை. காலை ஆராதனை முடிந்து அவர்கள் போன பின் நாம் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். சரியான நேரத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும். பிரியாணி வாசனை மறுநாள் வரை நிற்கக் கூடாது. பிறர் வீட்டின் பக்கத்தில் குடியிருப்பது. பெருநகர நடுவே இருக்கும் அந்தச் சபைகளில் எபேசியர் 2 வாசிக்கப்படும்போது கேட்கிறவர்களின் முகம் வேறாக இருக்கிறது.

*

தமிழர் வரலாற்றில் பரொய்கொஸ் என்ற சொல் முழுப் பொருளோடு பொருந்துவது மலையகத் தமிழருக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பங்களாவுக்குக் கீழே, லயன் காம்பிரா என்ற வரிசை அறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். காம்பிரா கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பிரித்துக்கொண்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாக்கினார்கள். யாரிடமும் கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சியவர்களுக்கு முழுத் தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். அந்தக் காலமெல்லாம் தோட்டத்துச் சபைகளிலும் இதே வேதாகமம் வாசிக்கப்பட்டது. பரதேசி என்று வாசித்தபோது அவர்களுக்கு விளக்கவுரை வேண்டியிருக்காது.

*

தமிழ்நாட்டிலிருக்கும் சபையாருக்கு ஒரு வேண்டுகோள்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. உள்ளே இருப்பவர்களில் பலர் மலையக வழி வந்தவர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் இந்த மண்ணிலிருந்தே போனவர்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. ஆனால் பழைய சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். உங்கள் சேகரத்துக்குள் முகாம் இருந்தால், அந்தத் தேதிக்கு முன் அங்கே பிறந்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கத் துணைபோங்கள். சபையில் வழக்கறிஞர் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன வழி இருக்கிறது என்றும் அவரிடமே கேளுங்கள்.